மாத்திரை வரைந்த வட்டம்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். கண்ணாடி முன்னால் போய் நின்று உங்கள் கண்ணையே உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறதல்லவா... கண்மணி! அது ஏன் கறுப்பாக இருக்கிறது?

'அதன் நிறமே கறுப்புதானே!' என்று சொல்லிவிடாதீர்கள். கண்மணி என்பது ஒரு பொருளே கிடையாது. வெறும் ஓட்டை! கண்ணுக்குள் வெளிச்சம் போவதற்காக இயற்கை வைத்த ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில், ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் பரவி, விழித்திரை என்கிற ரெட்டினா ஜம்மென்று விரிந்து கிடக்கிறது. ஆனால், வெளியிலிருந்து பார்த்தால் கும்மிருட்டு!

காரணம் சுவாரஸ்யமானது. கண்ணுக்குள் நுழைகிற வெளிச்சம், வந்த வழியாகவே திரும்பிப் போகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால், விளக்கு இருக்கும் இடத்திலேயே உங்கள் கண்ணும் இருக்க வேண்டும். அங்கே போய் உங்கள் தலையை நீட்டினால்? விளக்கு மறைந்துவிடும். விளக்கை மறைக்காமல் ஒதுங்கி நின்றால்? திரும்பி வரும் வெளிச்சம் உங்களுக்குக் கிடைக்காது. பல நூற்றாண்டுகளாக வைத்தியர்களை வாசலிலேயே நிற்கவைத்த சிக்கல் இதுதான்!

அந்தக் கதவை முதலில் தட்டியவர் ஒரு டாக்டர் இல்லை. கம்ப்யூட்டருக்குத் தாத்தா என்று நாம் கொண்டாடுகிறோமே, சார்லஸ் பாபேஜ்... அவர்தான்! 1847-ல் நடுவில் கொஞ்சம் ரசம் சுரண்டிய ஒரு கண்ணாடியை வைத்து, கண்ணுக்குள் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். தாமஸ் வார்ட்டன் ஜோன்ஸ் என்ற லண்டன் கண் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் படவில்லை. உற்சாகமாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாபேஜுக்கு ஆயிரம் வேலை. கருவி பெட்டிக்குள் போய்விட்டது.

மூன்றே வருஷம். 1850-ல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இளம் பேராசிரியர், கண்ணின் ஒளியைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தயார் செய்துகொண்டிருந்தார். 'அட, வெளிச்சத்தை ஒரு சாய்ந்த கண்ணாடித் தகடு வழியாகக் கண்ணுக்குள் அனுப்பி, அதே தகட்டின் ஊடாக நாம் எட்டிப் பார்த்தால் என்ன?' என்று பொறி தட்டியது. கண்ணாடித் துண்டுகள், அட்டை, ஒரு லென்ஸ்... சில நாள் போராட்டம். அவ்வளவுதான்! உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரை பளிச்சென்று தெரிந்தது. அதன் பெயர்தான் ஆப்தல்மாஸ்கோப். 1851-ல் அது பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் ஐரோப்பாவின் கண் மருத்துவத்தையே புரட்டிப்போட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் உடம்பில் தோலைக் கிழிக்காமல், ஊசி குத்தாமல், ரத்தக் குழாயையும் நரம்பையும் நேருக்கு நேர் பார்க்க முடிகிற இடம் எது? விழித்திரை ஒன்றுதான்! ஈரலுக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க இப்படி ஒரு ஜன்னல் இல்லை. இது எவ்வளவு பெரிய வரம் என்பது ஒரு நூற்றாண்டு கழித்து, ஒரு மாத்திரை விஷயத்தில் புரிந்தது.

அந்த மாத்திரையின் கதைக்கு வருவோம்.

*

மலேரியாவுக்கு மருந்து தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில் இருந்தது. 1820-ல் பெல்லெட்டியர், கவென்டூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். உலகத்தின் பாதியை ஆள நினைத்த ஐரோப்பியர்களுக்குத் துப்பாக்கிக்குச் சமமான ஆயுதம் இந்தக் கசப்புப் பொடி! 1860-களில் ஆங்கிலேயர்கள் நம்ம நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் சின்கோனாவைப் பயிரிட்டதும் இதற்காகத்தான். ஆனால், பந்தயத்தில் ஜெயித்தது டச்சுக்காரர்களின் ஜாவா தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் கொய்னாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது.

முதல் உலகப் போரில் கொய்னா கிடைக்காமல் திண்டாடிய ஜெர்மனி, 'இனிமேல் மரத்தை நம்பக் கூடாது, ஆலையிலேயே செய்துவிட வேண்டும்' என்று இறங்கியது. 1934-ல் எல்பர்ஃபெல்டில் இருந்த பேயர் ஆய்வுக்கூடத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்ற வேதியியல் நிபுணர் ஒரு புது மருந்தை உருவாக்கினார். பெயர் ரெசோகின். ஒரு சில நோயாளிகளிடம் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு, 'இது மனிதர்களுக்கு ஆகாது, நச்சுத்தன்மை ஜாஸ்தி' என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். அதை லேசாக மாற்றி சோன்டோகின் என்று இன்னொன்றைச் செய்தார்கள்.

1942. ஜாவாவை ஜப்பான் பிடித்துக்கொண்டது. நேச நாடுகளுக்கு கொய்னா வரும் வழி அடைபட்டது. பசிஃபிக் தீவுகளில் ஜப்பானியத் தோட்டாவைவிடக் கொசுவுக்குத்தான் அமெரிக்கச் சிப்பாய்கள் அதிகம் பயந்தார்கள். கையிலிருந்த மாற்று மருந்து மெப்பாக்ரின். விழுங்கினால் தோலே மஞ்சளாகிவிடும். 'இதைத் தின்றால் ஆண்மை போய்விடும்' என்று வேறு முகாம்களில் வதந்தி!

அடுத்த வருஷம் வட ஆப்பிரிக்காவில் துனிஸ் நகரம் நேச நாடுகளின் கைக்கு வந்தது. அங்கே பிரெஞ்சு டாக்டர்கள் சோதித்துக்கொண்டிருந்த சோன்டோகின் மாத்திரைகள் அமெரிக்கர்களிடம் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க விஞ்ஞானிகள் பரபரப்பாக அதைப் பிரித்து ஆராய்ந்து, அதன் குடும்பத்து மருந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனார்கள். எஸ்.என். 7618 என்று எண் போட்ட ஒன்று அபாரமாக வேலை செய்தது. யார் அந்தப் புது ஹீரோ என்று பார்த்தால்... ஜெர்மனி ஓரம்கட்டிய அதே ரெசோகின்! அதைவிட வேடிக்கை, எஸ்.என். 183 என்ற வேறொரு எண்ணில் அமெரிக்கர்களிடமே அது ஏற்கெனவே இருந்தது. அவர்களும் பார்த்துவிட்டு ஒதுக்கியிருந்தார்கள்! 1946-ல் அதற்கு குளோரோகுவின் என்று பெயர் சூட்டப்பட்டது. உலகத்தின் கோடிக்கணக்கான மலேரியா நோயாளிகளைக் காப்பாற்றிய மருந்து, இரண்டு முறை குப்பைக்கூடையின் ஓரம் வரை போய் வந்தது என்பதுதான் வரலாறு.

இதற்கிடையில் மெப்பாக்ரின் விழுங்கிய சிப்பாய்களில் சிலருக்கு, ரொம்ப நாளாக இருந்த தோல் தடிப்பும் மூட்டு வலியும் குறைந்ததை டாக்டர்கள் கவனித்தார்கள். 1951-ல் ஃபிரான்சிஸ் பேஜ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், லூப்பஸ் நோயாளிகள் 18 பேருக்கு மெப்பாக்ரின் கொடுத்துக் கிடைத்த பலனை 'லான்செட்' இதழில் எழுதினார்.

லூப்பஸ் என்றால் என்ன? நம் வீட்டுக் காவல்நாய் நம்மையே கடித்தால் எப்படி இருக்கும்? அதுதான்! வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, உடம்பின் சொந்தத் தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையும் தாக்க ஆரம்பித்துவிடும். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை தொடங்கும் வயதில்!

அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மலேரியா மருந்துகள் ஒரு பிடிமானமாக அமைந்தன. முடக்குவாதக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். 1955-ல் குளோரோகுவினைவிடச் சாதுவான தம்பி ஹைட்ராக்ஸி குளோரோகுவின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

*

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு இடித்தது.

மலேரியா வராமல் தடுக்க, வாரத்துக்கு ஒரு தடவை குளோரோகுவின் போதும். ஊர் திரும்பியதும் சில வாரங்களில் நிறுத்திவிடலாம். ஆனால், லூப்பஸும் முடக்குவாதமும் அப்படி விட்டுவிடுகிற நோய்களா? தினமும் விழுங்க வேண்டும். வருஷக்கணக்காக! ஒரு மனித உடம்பு இத்தனை காலம், இத்தனை குளோரோகுவினை அதற்கு முன் சந்தித்ததே இல்லை.

1957-ல் கம்பியாஜி என்ற டாக்டர், குளோரோகுவின் சாப்பிட்டுவந்த ஒரு லூப்பஸ் நோயாளியின் விழித்திரையில் வித்தியாசமான நிறமாற்றத்தைப் பார்த்தார். கட்டுரையும் எழுதினார். தலைப்பிலேயே லூப்பஸ் இருந்தது, மாத்திரை இல்லை! நோய் ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கிய ஆசாமி. தெருவில் எது காணாமல் போனாலும் பழைய திருடன் மேல்தானே சந்தேகம் வரும்? உயிரைக் காப்பாற்றும் மாத்திரையை யார் சந்தேகப்படுவார்கள்!

1959-ல் ஹாப்ஸ், சார்ஸ்பி, ஃபிரீட்மன் என்ற மூன்று டாக்டர்கள் 'லான்செட்'டில் போட்டு உடைத்தார்கள். நீண்ட காலம் குளோரோகுவின் சாப்பிட்டவர்களுக்கு விழித்திரை கெடுகிறது. குற்றவாளி நோய் அல்ல, மருந்து!

கண்ணுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? விழித்திரைக்குப் பின்னால் கறுப்பு நிறமி கொண்ட ஒரு படலம் இருக்கிறது. நமக்காக ஒளியைப் பிடிக்கும் செல்களுக்குச் சாப்பாடு போட்டு, குப்பை அள்ளி, வீட்டைப் பெருக்கிவைக்கும் வேலைக்காரப் படலம். இந்த மருந்துக்கு அந்தக் கறுப்பு நிறமி மேல் தனிப் பாசம்! போய் ஒட்டிக்கொள்கிறது. சீக்கிரம் வெளியேறுவதும் இல்லை. சேதம் நடக்கும் முழு வழிமுறை விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால், விளைவு தெரியும். ஒளியைப் பிடிக்கும் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன.

எங்கே சாகின்றன என்பதில்தான் விபரீதம். விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு பகுதி. நீங்கள் இந்த வரியைப் படிப்பது அதன் தயவில்தான். அதன் நட்டநடு மையத்தை மருந்து கடைசி வரை விட்டுவைக்கிறது. சுற்றிலும் ஒரு வட்டமாக அரிக்கிறது! வில் வித்தைக்காரர்கள் குறி பார்க்கும் பலகை போல, நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றி வெளிறிய வளையம். டாக்டர்கள் இதற்கு 'புல்ஸ் ஐ' என்றே பெயர் வைத்தார்கள்.

இதன் அர்த்தம் புரிகிறதா? மையம் நன்றாக இருப்பதால் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை நோயாளி கடகடவென்று படித்துவிடுவார். 'கண்ணுக்கென்ன, பிரமாதமாக இருக்கிறதே!' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வட்டம் மட்டும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் படிக்கும்போது பக்கத்து எழுத்துகள் காணாமல் போகின்றன என்று அவர் சொல்லும்போது, நேரம் கடந்திருக்கும். போன செல்கள் திரும்பாது. மாத்திரையை நிறுத்தினாலும், சேதம் முற்றியவர்களுக்கு அரிப்பு நிற்காமல் தொடரக்கூடும்.

ஆக, நோயாளி சொல்லித் தெரிந்துகொள்ள முடியாத ஒரு நோய். அவருக்கு முன்னால் டாக்டர் பார்த்தாக வேண்டும். எப்படி?

*

போட்டோ எடுக்க வேண்டியதுதான்!

கண்ணுக்குள் போட்டோ எடுக்கும் ஆசை பழசு. 1886-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர், காமிராவை ஆளின் தலையோடு சேர்த்துக் கட்டி, உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் படம் பிடித்தார்கள். ஒரு படத்துக்கு இரண்டரை நிமிஷம் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. இரண்டரை நிமிஷம் கண் இமைக்காமல், விழி அசையாமல் இருந்து பாருங்களேன்! படம் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மங்கலாக ஒரு வட்டம். ஆனாலும் ஆரம்பம் ஆரம்பம்தானே! 1926-ல் ஸ்வீடனின் நோர்டன்சன் வடிவமைத்த காமிராவை ஜைஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் விழித்திரைப் படம் ஆஸ்பத்திரிகளில் நடைமுறைக்கு வந்தது.

குளோரோகுவினின் குற்றம் அம்பலமான அதே 1959-ல், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நோவோட்னி, ஆல்விஸ் என்று இரண்டு மருத்துவ மாணவர்கள் ஒரு விஷப்பரீட்சையில் இறங்கினார்கள். ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தைக் கை நரம்பில் ஏற்றினால், ரத்தத்தோடு ஓடி விழித்திரைக் குழாய்களுக்கு வருமே... அதைப் படம் பிடித்தால்? யார் கையில் ஊசி போடுவது? காசு சுண்டிப் பார்த்தார்கள். ஆல்விஸ் கையை நீட்டினார்! பச்சை நிறத்தில் ரத்தக் குழாய்கள் தகதகத்தன. கண் மருத்துவ இதழ் ஒன்றுக்கு அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் 1961-ல் இதய மருத்துவ இதழான 'சர்குலேஷன்'தான் அதை வெளியிட்டது. அப்புறம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கண் மருத்துவர்களின் வலது கையே அந்தச் சாயப் படம்தான்! 'புல்ஸ் ஐ' வளையமும் அதில் அழகாகத் தெரிந்தது.

அழகாகத்தான்... ஆனால், தாமதமாக! வளையம் போட்டோவில் தெரிகிறது என்றாலே சேதம் பல வருஷம் பழையது என்று அர்த்தம். வீடு எரிந்து முடிந்தபின் சாம்பலைப் படம் எடுத்து என்ன பிரயோஜனம்? புகை வரும்போதே தெரிய வேண்டும்.

அதற்கு வழி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. ஜேம்ஸ் ஃபூஜிமோட்டோ அங்கே பேராசிரியர். டேவிட் ஹுவாங், டாக்டர் பட்டத்துக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர். எரிக் ஸ்வான்சன், செயற்கைக்கோள் தகவல் தொடர்பில் வேலை பார்த்த என்ஜினீயர். கண்ணுக்கும் செயற்கைக்கோளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது!

கிணற்றுக்குள் குனிந்து 'ஓய்' என்று கத்தினால் எதிரொலி வருகிறது. வரும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லிவிடலாம். வயிற்றுக்கு எடுக்கிற அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனின் தத்துவம் இதுதான். அதையே ஒலிக்குப் பதில் ஒளியை வைத்துச் செய்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். ஆனால், ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற ஆசாமி. விழித்திரையின் ஒரு அடுக்கிலிருந்தும் அடுத்த அடுக்கிலிருந்தும் அது திரும்பி வரும் நேர வித்தியாசத்தை எந்தக் கடிகாரமும் அளக்க முடியாது. அதனால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் இன்னொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருகிற இரண்டையும் மோதவிட்டு, அந்த மோதலின் அலைக்கோலத்திலிருந்து ஆழத்தைக் கணக்குப் போட்டார்கள். 1991 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. ஓ.சி.டி. ஸ்கேன் பிறந்தது! 2023-ல் அந்த மூவருக்கும் அமெரிக்காவின் பெருமைமிக்க லாஸ்கர் விருது கிடைத்தது.

விழித்திரை மொத்தமே கால் மில்லிமீட்டர் தடிமன்தான். ஓ.சி.டி. அதைக் கேக் வெட்டின மாதிரி குறுக்கே வெட்டி, அடுக்கு அடுக்காகக் காட்டுகிறது. கத்தி இல்லாமல்! ஆரம்பகாலக் கருவிகள் விநாடிக்குச் சில நூறு அளவுகள் எடுத்தன. 2006 வாக்கில் சந்தைக்கு வந்த ஸ்பெக்ட்ரல் வகைக் கருவிகள் 20 ஆயிரத்துக்கும் மேல்! சில மைக்ரான் அளவு விஷயம்கூடப் புலப்பட்டது. ஒளி செல்களின் வரிசை ஓ.சி.டி. படத்தில் ஒரு பளிச் கோடாகத் தெரியும். மாத்திரையின் சேதம் தொடங்கினால், மையத்தின் இரு பக்கமும் அந்தக் கோடு அறுந்துபோகும். நடுவில் மட்டும் கோடு மிஞ்சி நிற்பது பறக்கும் தட்டு போல இருப்பதால், டாக்டர்கள் அதற்குச் செல்லமாக 'பறக்கும் தட்டு அறிகுறி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதற்குத் துணையாக இன்னொரு படமும் உண்டு. விழித்திரையின் நிறமிப் படலத்தில் சேரும் குப்பைக்குத் தானாக ஒளிரும் குணம் இருக்கிறது. சாயமே ஏற்றாமல், குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சினால் அது மினுமினுக்கும். 1995 முதல் இதைப் படம் எடுக்கும் முறை பரவியது. நோயில் சிக்கிய இடம் அதிகமாக ஒளிரும். செத்த இடம் இருண்டுவிடும். ஒரு வரைபடம் மாதிரி எல்லாம் தெரிந்துவிடும்!

*

கருவிகள் கூர்மையானதும் என்ன ஆயிற்று? அதுவரை 'ரொம்ப அபூர்வம்' என்று நினைத்திருந்த பாதிப்பு அவ்வளவு அபூர்வமில்லை என்று தெரிந்தது!

2014-ல் மெல்லஸ், மார்மர் என்ற இரண்டு டாக்டர்கள், கலிஃபோர்னியாவில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஹைட்ராக்ஸி குளோரோகுவின் சாப்பிட்ட 2,361 பேரின் பரிசோதனைகளை அலசினார்கள். 7.5 சதவிகிதம் பேருக்குக் கண்ணில் பாதிப்பு! ஆனால், பயப்படுவதற்கு முன் அடுத்த வரியையும் படியுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 4 முதல் 5 மில்லி கிராம் வரை சாப்பிட்டவர்களுக்கு, முதல் பத்து வருஷத்தில் பாதிப்பு 2 சதவிகிதத்துக்கும் கீழே. அதுவே 20 வருஷம் தாண்டினால் கிட்டத்தட்ட 20 சதவிகிதம். அளவும் காலமும்தான் வில்லன்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட்டாலோ ஆபத்து இன்னும் கூடுகிறது.

அடுத்த வருஷம் அதே இருவர் இன்னொரு குண்டைப் போட்டார்கள். ஆசிய வம்சாவளி நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்த வளையம் மாக்குலாவைச் சுற்றி இல்லாமல், இன்னும் தள்ளி வெளியே இருந்தது! வெள்ளைக்காரர்களில் அப்படி 2 சதவிகிதம்தான். அதாவது, நடுப்பகுதியை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு 'ஓ.கே.' சொன்னால், பாதி ஆசியர்களின் பாதிப்பு சிக்காமலே போய்விடலாம்! அத்தனை வருஷம் உலகமே படித்த பாடப்புத்தகப் படம், ஒரு இனத்தின் கண்ணைப் பார்த்து வரைந்த படம்.

இவற்றின் அடிப்படையில் 2016-ல் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி தன் விதிகளைத் திருத்தியது. தினசரி அளவு, நிஜமான எடையில் கிலோவுக்கு 5 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. 40 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லி கிராம்தான். 400 சாப்பிட வேண்டுமென்றால் எடை 80 கிலோ இருக்க வேண்டும்! மாத்திரை தொடங்கி முதல் வருஷத்துக்குள் ஒரு கண் பரிசோதனை. அப்புறம் ஐந்து வருஷத்திலிருந்து வருஷா வருஷம். ஆபத்துக் காரணங்கள் இருப்பவர்களுக்கு அதற்கும் முன்பே. பரிசோதனை என்றால் எழுத்துப் பலகை அல்ல, ஓ.சி.டி. ஸ்கேன், கூடவே வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்தும் ஃபீல்டு டெஸ்ட். ஆசியர்களுக்கு மாக்குலாவையும் தாண்டிப் பார்க்க வேண்டும்.

*

இதையெல்லாம் படித்துவிட்டு, 'ஐயோ, நம்ம சித்தி இந்த மாத்திரைதானே சாப்பிடுகிறாள்... உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்' என்று போனை எடுக்கிறீர்களா? கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள்! அதுதான் இந்தக் கதையில் உள்ள பெரிய ஆபத்து.

லூப்பஸ்காரர்களுக்கு இந்த மாத்திரை வெறும் வலி நிவாரணி இல்லை. நோய் திடீரென்று கொதித்தெழுவதைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, ஆயுளைக் கூட்டுகிறது. கர்ப்பிணிகளுக்கும் தொடர்ந்து கொடுக்கிறார்கள். கண்ணுக்குப் பயந்து அதைத் தூக்கிப்போட்டால், உயிரைப் பணயம் வைக்க வேண்டிவரும். 2021-ல் அமெரிக்காவின் மூட்டு, தோல், கண் மருத்துவர்களின் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் வலியுறுத்தியது: சந்தேகத்துக்கிடமான ஒரு சின்ன மாற்றத்தைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு மருந்தை நிறுத்தாதீர்கள், உறுதி செய்துகொண்டு, மருந்து கொடுத்த டாக்டரோடு கலந்து முடிவெடுங்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது இதே மாத்திரை உலகப் புகழ் பெற்றதே, ஞாபகமிருக்கிறதா? அமெரிக்க அதிபரிலிருந்து தெருமுனைவாசி வரை அதன் பெயரை உச்சரித்தார்கள். இந்தியா அதன் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, பிறகு தளர்த்தியது. மருந்துக் கடைகளில் ஸ்டாக் காலி! ஜூன் மாதம் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பலனில்லை என்று அறிவித்தது. கூட்டம் கலைந்தது. நடுவில் அந்தச் சில மாதங்கள் மாத்திரை கிடைக்காமல் அல்லாடியவர்கள், அதை நம்பியே வாழும் லூப்பஸ் நோயாளிகள்தான்.

கதை குளோரோகுவினோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2018-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் கண் மருத்துவர்கள், ஆறு பேரின் விழித்திரையில் விசித்திரமான நிறமாற்றத்தைப் பற்றி எழுதினார்கள். பார்த்தால் பரம்பரை நோய் போல இருந்தது. ஆனால், ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரு மாத்திரை! சிறுநீர்ப்பை வலிக்கான பென்டோசன் பாலிசல்ஃபேட். 1996-லிருந்து அமெரிக்காவில் விற்பனையில் இருந்த மருந்து. 1957-ல் லூப்பஸ் மேல் விழுந்த பழி போல, இங்கே பரம்பரை மேல் விழ இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாத விஷயம், நல்ல படங்களால் பிடிபட்டது. 2020-ல் அந்த மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் கண்ணும் சேர்ந்தது.

ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுக்கும்போது சில மாதங்கள், மிஞ்சிப்போனால் சில வருஷங்கள்தான் சோதிக்கிறார்கள். அதை இருபது வருஷம் விழுங்கினால் என்ன ஆகும் என்பது, இருபது வருஷம் விழுங்கியவர்களின் உடம்பில்தான் எழுதப்படுகிறது. அதைப் படிக்க ஒரு ஜன்னலை இயற்கை திறந்துவைத்திருக்கிறது. நாம்தான் வருஷத்துக்கு ஒருமுறையாவது எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, வீட்டில் யாராவது இந்த மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார்கள் என்றால், 'நிறுத்து' என்று சொல்லாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறாய்? உன் எடை என்ன, மாத்திரை எத்தனை மில்லி கிராம்? கடைசியாக ஓ.சி.டி. எடுத்தது எப்போது?

மூன்றாவது கேள்விக்கு 'அப்படின்னா என்ன?' என்று பதில் வந்தால்... டாக்டரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுங்கள். கூடவே போய் உட்கார்ந்திருந்து அழைத்து வாருங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். திரும்பி வரும்போது வெயில் கூசும்!